தளபதி கிராண்ட்டும் குதிரைகளும்

அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடமாநிலப் படைகளை வெற்றிக்கு நடத்தியவரும், 1869 முதல் 1877 வரை அந்நாட்டின் குடியரசுத் தலைவராக வீற்றிருந்தவருமான யுலிசிஸ் கிராண்ட், போர்க்கள வீரராகவே உலகிற்கு அறிமுகமானவர். அவருடைய வாழ்வைக் குதிரைகளின் வழியே நோக்குவோர்க்குப் பிறிதொரு மனிதர் தென்படுவார். அம்மனிதரைப் பற்றியதே இக்கட்டுரை.

அவர் 1822ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள் ஒகையோ மாநிலத்தில் பிறந்தார். தந்தை தோல் பதனிடும் தொழில் நடத்தியவர். அத்தொழிலின் வாடை எத்தகையது என்பதை அது நடைபெறும் ஊர்களில் வாழ்ந்தோர் அறிவர். சிறுவனுக்கு அது சற்றும் பிடிக்கவில்லை. விறகு வண்டி ஓட்டுவதும், பதினொரு வயதிலிருந்து ஏர் உழுவதும் என, குதிரை பூட்டிச் செய்யும் வேலைகள் அனைத்தையும் விரும்பி ஏற்றுக்கொண்டான்.

எட்டு வயதில் அண்டை அயலார் ஒருவரிடமிருந்த குதிரைக்குட்டியின்மேல் அவனுக்கு ஆசை பிறந்தது. முதலில் 20 டாலர் கேள், இசையாவிடில் இருபத்திரண்டரை, அதற்கும் இசையாவிடில் 25 கொடு என்று தந்தை சொல்லி அனுப்பினார். சிறுவனோ அந்த மூன்று விலைகளையும் ஒரே மூச்சில் விற்பவரிடம் ஒப்பித்துவிட்டான்! குட்டி எவ்விலைக்கு விற்றிருக்கும் என்று சொல்லவும் வேண்டுமோ? ஊர்ப் பிள்ளைகள் இதனை நெடுநாள் சொல்லிச் சிரித்தனர். நான்கு வயதில் அக்குதிரை பார்வையிழந்தது. 20 டாலருக்கு விற்கப்பட்டது. 1836இல் மேஸ்வில் நகருக்குப் படிக்கச் சென்ற கிராண்ட், ஆற்றைக் கடக்கும் படகொன்றின் சக்கரத்தை மிதித்துச் சுழற்றும் குருட்டுக் குதிரைகளுள் ஒன்றாகத் தன் பழைய குட்டியை அடையாளம் கண்டுகொண்டார்.

பதினைந்தாம் வயதில் நிகழ்ந்ததே நம் கருத்தை மிகுதியும் ஈர்ப்பது. இரட்டைக் குதிரை வண்டியை ஓட்டிக்கொண்டு, ஏறத்தாழ 70 மைல் தொலைவிலுள்ள கென்டக்கி மாநிலத்துப் பிளாட் ராக் என்னும் ஊருக்குச் சென்றிருந்தார். உடன் வந்தவர் பெயின் என்னும் ஊர்க்காரர். அவருடைய சகோதரரிடம் அழகிய சவாரிக் குதிரை ஒன்று இருந்தது. தம் வண்டிக் குதிரைகளுள் ஒன்றைக் கொடுத்து அதனை மாற்றிக்கொள்ளக் கிராண்ட் விரும்பினார். அக்குதிரை ஒருநாளேனும் வண்டியில் பூட்டப்பட்டதாகத் தாம் அறியவில்லை என்று உரிமையாளர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். பண்ணை வண்டியில் பூட்டிப் பார்த்தனர். பழக்கமின்மை தெரிந்தது, ஆயினும் முரட்டுத்தனம் எதுவும் தென்படவில்லை. தம்மால் அதனை நடத்த முடியும் என்று நம்பிய இளைஞர், தம் குதிரையோடு பத்து டாலரும் கூடுதலாகப் பெற்றுக்கொள்ளும் ஏற்பாட்டில் பேரத்தை முடித்தார். இதில் விற்றவரைக் குறைகூற இடமில்லை. முதுகில் ஆளேற்றிப் பழகிய குதிரையை வண்டி இழுக்க வாங்கியவரிடமே பிழை இருந்தது.

மறுநாள் சில மைல் வரை இடரில்லை. பிறகு மூர்க்கமான நாயொன்று குறுக்கிட்டது. குதிரைகள் மிரண்டு பாய்ந்தன. புதிய குதிரை ஒவ்வொரு பாய்ச்சலிலும் பின்னங்கால்களால் உதைத்தது. ஒருவாறு நிறுத்தி, சற்று இளைப்பாறச் செய்து புறப்பட்டால், மீண்டும் அதே ஓட்டம். அரை மைலுக்குள் நெடுஞ்சாலை. அதன் மறுபுறத்தில் இருபதடிக்கும் மேற்பட்ட பள்ளம். அதன் விளிம்பிலேதான் வண்டி நின்றது. குதிரை நடுநடுங்கியது. அதனினும் மிகுதியாக நடுங்கியவர் உடன்வந்த பெயின். அவர் அவ்வழியே சென்ற சரக்கு வண்டியில் ஏறி மேஸ்வில் நோக்கிப் போய்விட்டார்.

தனித்து நின்ற இளைஞர் புறப்பட முயலும்தோறும் குதிரை உதைத்தது. மேஸ்விலில் இருந்த உறவினரிடம் வேறு குதிரை இரவல் பெறலாம். ஆனால் அந்நகரம் ஒருநாள் பயணத்திற்கும் அப்பால் இருந்தது. சாட்டையை நாடியிருந்தால் வண்டி பள்ளத்தில் கிடந்திருக்கும். அவர் தம் கைக்குட்டையை எடுத்து அக்குதிரையின் கண்களைக் கட்டினார். அச்சமே அதன் முரட்டுத்தனத்திற்கு வேர் என்பதை அவர் உணர்ந்திருக்க வேண்டும். கண் மறைந்த குதிரை அடங்கி நடந்தது. மறுநாள் பத்திரமாக மேஸ்வில் சேர்ந்து, இரவல் குதிரையைப் பூட்டிக்கொண்டு, அதற்கடுத்த நாள் ஊர்ப்பயணத்தைத் தொடர்ந்தார்.

வெஸ்ட் பாயிண்ட் படைக் கல்லூரியில் 1843இல் 39 பேருள் இருபத்தொன்றாமவராகவே தேறினார்; குதிரையேற்றத்திலோ அவரை விஞ்சினார் இலர். ஆயினும் அவரைக் காலாட்படைக்கே அனுப்பினர்! 1854இல் பதவி துறந்து, வறுமையில் உழன்று, விறகு விற்றும் வாழ்ந்தார்.

அத்தகைய தேர்ந்த வீரரையும் குதிரை வீழ்த்தியது. 1863 செப்டம்பரில் நியூ ஆர்லியன்சு நகரில், அதிகம் பழக்கப்படாத இரவல் குதிரையொன்றில் அவர் சென்றபோது அது இரயில் எஞ்சினைக் கண்டு மிரண்டு விழுந்தது. நினைவிழந்த கிராண்ட், முழங்கால் முதல் அக்குள்வரை வீங்கிப் படுத்த படுக்கையானார். அக்டோபரில், ஊன்றுகோலோடு, குதிரை செல்லவியலா மலைப்பாதைகளில் பிறர் தூக்கிச் செல்ல, முற்றுகையில் தவித்த சட்டனூகா நகரை அடைந்தார். நவம்பரில் அங்கு வெற்றி கண்டார். 1864இல் குதிரையொன்றை முகத்தில் அடித்து வதைத்த வண்டிக்காரனை மரத்தில் ஆறு மணிநேரம் கட்டிவைக்கச் செய்தார். சினங்கொள்ளாதவர் எனப் பெயர்பெற்ற அவர் அன்று சினந்ததைக் கண்டவர் வியந்தனர்.

1865 ஏப்ரல் 9ஆம் நாள் அப்போமாட்டக்சில் தென்மாநிலத் தளபதி இராபர்ட் லீ சரணடைந்தபோது, தம் வீரர் பலர் குதிரைகளைச் சொந்தமாகக் கொண்டுவந்தவர் என்பதை எடுத்துரைத்தார். எழுதப்பட்ட விதிகளில் அதற்கு இடமில்லை. உழவுக்காலம் அது, குதிரையின்றி விதைக்கவியலாத சிறு உழவர்களே அவ்வீரருள் பெரும்பாலோர் என்று கருதிய கிராண்ட், குதிரையோ கோவேறு கழுதையோ தமதென்று கூறுவோர் அதனை வீட்டிற்குக் கொண்டுசெல்லலாம் எனப் பணித்தார். பதினொரு வயதில் ஏர்பிடித்த கை அது.

1878இல் துருக்கிப் பேரரசர் இரண்டாம் அப்துல் ஹமீது அவருக்கு அரபுக் குதிரைகள் இரண்டை அன்பளிப்பாக வழங்கினார். 1884இல் பொருளனைத்தும் இழந்து, தொண்டைப் புற்றுநோய்க்கும் ஆளான அவர், குடும்பத்தின் கடன் தீர வேண்டித் தம் வாழ்க்கை வரலாற்றை எழுதத் தொடங்கினார். எழுதி முடித்த சில நாள்களில், 1885 சூலை 23ஆம் நாள் மறைந்தார். போர்கள் பல விரியும் அந்நூலின் முதல் அத்தியாயத்திலேயே 25 டாலர் குட்டியும், பள்ளத்தின் விளிம்பில் நின்ற குதிரையும், அந்தக் கைக்குட்டையும் இடம்பெற்றுள்ளன.