மாறுபாட்டுக் குறிப்பு எழுதிய டாக்டர் ப. சுப்பராயன்

மேடையில் முழங்கியோரைத் தமிழுலகம் மறப்பதில்லை. குழுக்களின் அறைகளில் அமர்ந்து அறிக்கையின் வரிகளோடு மல்லாடியோரை நினைப்பார் அரியர். அவ்வாறு மறக்கப்பட்டவருள் ஒருவர் குமாரமங்கலம் ஜமீன்தார் டாக்டர் ப. சுப்பராயன்.

1889 செப்டம்பர் 11ஆம் நாள் பிறந்த இவர், சென்னையிலும் ஆக்ஸ்போர்டிலும் பயின்று பாரிஸ்டரானார். 1926 முதல் 1930 வரை சென்னை மாகாணத்தின் முதல் மந்திரி. பின்னர்க் காங்கிரசில் சேர்ந்து, 1937இல் இராஜாஜி அமைச்சரவையில் சட்டம், கல்வி ஆகிய துறைகளை ஏற்றார். அங்கேதான் இவர் வாழ்வின் முள் தைத்தது. 1938 ஏப்ரலில் 125 உயர்நிலைப் பள்ளிகளில் இந்தி கட்டாயப் பாடமாயிற்று. எதிர்த்துச் சிறை புகுந்தோர் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர். நடராசனும் தாளமுத்துவும் சிறைப்பட்ட நிலையிலேயே 1939இல் உயிர் நீத்தனர். திட்டம் இராஜாஜியினுடையது என்பது மெய்யே; ஆயினும் கல்வித்துறை சுப்பராயன் கையில் இருந்தது. அப்பொறுப்பிலிருந்து அவரை விடுவித்தல் நேர்மையாகாது.

அரசியல் நிர்ணய சபை உறுப்பினர், இந்தோனேசியத் தூதர் எனப் பல பதவிகள் வகித்தபின், 1954இல் மாநிலங்களவை புகுந்தார்.

அரசியலமைப்பின் 343ஆம் பிரிவு, ஆங்கிலம் ஆட்சிமொழியாக நீடிக்கப் பதினைந்தாண்டுத் தவணை விதித்திருந்தது. ஐந்தாண்டு முடிவில் ஆணையம் ஒன்று அமைத்தல் வேண்டும் என்றது 344ஆம் பிரிவு. அதன்படி 1955 ஜூனில் பி.ஜி. கேர் தலைமையில் ஆட்சிமொழி ஆணையம் அமைந்தது. சுப்பராயன் அதில் உறுப்பினரானார். 1956 ஜூலையில் முடிவுற்ற அறிக்கை, ஆங்கிலத்தின் இடத்தில் இந்தியைப் படிப்படியாக அமர்த்தும் வழிகளைக் காட்டிற்று. அவ்வறிக்கையோடு இணங்க இயலாமல் இவர் தனிக்குறிப்பு எழுதினார். வங்கத்து மொழியியல் பேரறிஞர் சுநீதிகுமார் சட்டர்ஜியும் அவ்வாறே எழுதினார். இந்தி பேசாத மக்களின் அச்சத்தைப் பெரும்பான்மையினர் எடைபோடவில்லை, ஆங்கிலத்தை அவசரமாக அகற்றலாகாது என்பவை இவ்விருவர் கருத்தின் சாரம். சட்டர்ஜி மொழியறிஞர், அவர் மறுத்ததில் வியப்பில்லை. சுப்பராயனோ ஆளுங்கட்சிக்காரர், அதனினும் மேலாக, 1938இன் கல்வியமைச்சர். அந்தக் கை இந்தக் குறிப்பை எழுதியதே கருதத்தக்கது. பழைய பழிக்குக் கழுவாய் என்று கொள்வாரும் உண்டாகலாம். பட்டறிவின் பயன் என்று கொள்ளுதலே பொருந்தும்.

1957இல், செய்யாறு, ஆரணி போலத் தறியொலி கேட்கும் திருச்செங்கோட்டிலிருந்து மக்களவைக்குத் தேர்வானார். அதே அவையில் கோவையின் உறுப்பினராகப் பொதுவுடைமைக் கட்சி வரிசையில் அமர்ந்திருந்தவர் இவர் மகள் பார்வதி கிருஷ்ணன். தந்தையோடு மாறுபடும் உரிமை அவ்வீட்டில் தாராளமாக வழங்கியது போலும்!

1959இல் நடுவணரசின் போக்குவரத்து, செய்தித்தொடர்பு அமைச்சரானார். 1962இல் மகாராட்டிர ஆளுநராகிச் சில மாதங்களே பணியாற்றி, அக்டோபர் 6ஆம் நாள் மறைந்தார். 1965க்குப் பின்னரும் ஆங்கிலம் தொடரலாம் என இடந்தந்த ஆட்சிமொழிச் சட்டம் 1963 மே மாதத்தில்தான் நிறைவேறிற்று.