பேராசிரியர் தன் தவறைத் தானே சொன்ன நாள்

மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கச் செயலாளர் கேட்டபோது, விடுதிச் சாப்பாடு, கிரிக்கெட் மேட்ச், டூர் போன கதை என்று எதையாவது எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அந்தக் கதைகளை என்னைவிட ருசியாக எழுத நம் நண்பர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எனக்கோ ஒரு பழைய பாக்கி இருக்கிறது. அதை இந்த மலரிலேயே தீர்த்துவிடலாம் என்று பார்க்கிறேன்.

சென்ற சந்திப்பில், மதியப் பந்தியில், ஜியாலஜி இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்தார். அப்போதுதான் அவர்களை அரியலூருக்குக் கூட்டிப் போய் வந்திருந்தார்கள். நத்தை ஓடு மாதிரி சுருண்டு கிடக்கும் அம்மோனைட் புதைபடிவத்தைத் தன் கையாலேயே எடுத்தாராம். கடல் பிராணி அங்கே எப்படி வந்தது, உலகத்தையே மூழ்கடித்த ஒரு பெருவெள்ளம் கொண்டு வந்து போட்டது என்று ஒரு புத்தகத்தில் படித்தேனே, அது சரியா சார் என்று கேட்டார். நான் முப்பத்து நாலு வருஷம் இந்தத் தொழிலில் இருந்தவன், அதெல்லாம் சரியில்லை தம்பி என்று சொன்னேன். அவர் விடவில்லை. நீங்கள் சொல்கிறீர்கள் என்பதற்காக நான் நம்ப வேண்டுமா சார் என்று மரியாதையாகவே கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. அதற்குள் பாயசம் வந்துவிட்டது, பேச்சு மாறிப்போயிற்று.

ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் யோசித்துப் பார்த்தேன். அந்தப் பையன் கேட்டது நியாயமான கேள்வி. என் சர்வீஸைக் காட்டி நான் அவர் வாயை அடைத்ததுதான் நியாயமில்லை. இதே கேள்வியோடு வாழ்நாள் முழுக்க மல்லுக்கு நின்ற ஒரு பேராசிரியரின் கதையை அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். இப்போது சொல்கிறேன்.

அவர் பெயர் ஆடம் செட்ஜ்விக். இங்கிலாந்தில் யார்க்ஷயர் மலைப்பக்கம், டென்ட் என்ற சின்ன ஊரில் 1785 மார்ச் 22 அன்று பிறந்தவர். அப்பா அந்த ஊர்ச் சர்ச்சின் பாதிரியார். வசதியான குடும்பம் இல்லை. கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரியில் ஏழை மாணவர்களுக்கான கட்டணச் சலுகையில்தான் சேர்ந்தார். 1808இல் கணிதத் தேர்வில் ஐந்தாவது இடம் பெற்றார். பிறகு அப்பாவைப் போலவே பாதிரியாராகவும் பட்டம் ஏற்றார். 1818இல் அதே பல்கலைக்கழகத்தில் நிலவியல் பேராசிரியர் ஆனார். 1873 ஜனவரியில் கண்ணை மூடும்வரை, அதாவது ஏறக்குறைய 55 வருஷம், அந்த நாற்காலி அவருடையதுதான்.

அந்த நாற்காலிக்கே ஒரு கதை உண்டு. ஜான் உட்வர்ட் என்ற டாக்டர், தான் சேர்த்த புதைபடிவங்களைப் பல்கலைக்கழகத்துக்கு எழுதி வைத்து, உயில் மூலம் ஏற்படுத்திய பதவி அது. பேராசிரியர் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது என்பது உயிலின் நிபந்தனை. செட்ஜ்விக் கடைசிவரை பிரம்மச்சாரியாகவே இருந்தார். இந்த உட்வர்ட் 1695இல் எழுதிய புத்தகத்தில் என்ன சொன்னார் தெரியுமா? நோவா காலத்துப் பிரளயத்தில் பூமியின் பாறை எல்லாம் நீரில் கரைந்தது, பிறகு கனமானது கீழே, லேசானது மேலே என்று எடைப்படி அடுக்கடுக்காகப் படிந்தது, அதில் சிக்கியவைதான் புதைபடிவங்கள் என்றார். பாறைகளை வெட்டிப் பார்த்தால் அடுக்குகள் எடைப்படி இல்லவே இல்லை. ஆக, பிரளயத்தை நம்பியவர் போட்ட நாற்காலியில்தான் நம் செட்ஜ்விக் வந்து உட்கார்ந்தார்.

அவர் காலத்தில் கற்றறிந்த நிலவியலாளர்கள் யாரும் எல்லாப் பாறைகளையும் ஒரே வெள்ளத்தில் அடக்கவில்லை. கீழே உள்ள அடுக்குகள் மிகப் பழையவை என்று ஒப்புக்கொண்டார்கள். மேலாகப் பரவிக் கிடக்கும் சரளை, களிமண், எங்கிருந்தோ வந்து கிடக்கும் பெரிய பெரிய பாறாங்கல் ஆகியவற்றை மட்டும் பிரளயத்தின் மிச்சம் என்றார்கள். ஆக்ஸ்போர்டில் இருந்த வில்லியம் பக்லண்ட் இதில் முன்னணி. 1821இல் யார்க்ஷயரில் கிர்க்டேல் குகை வெளிப்பட்டது. உள்ளே கழுதைப்புலி, யானை, காண்டாமிருகம் எலும்புகள். வெள்ளம் அடித்து வரவில்லை, கழுதைப்புலிகள் அங்கேயே குடியிருந்து இழுத்து வந்து தின்ற மிச்சம் என்று பக்லண்ட் அழகாக நிரூபித்தார். ஆனால் அவற்றை மூடியிருந்த சேற்றைப் பிரளயத்தின் சேறு என்று 1823இல் புத்தகம் போட்டார். செட்ஜ்விக்கும் அந்தக் கட்சிதான். 1825இல் அதே கருத்தில் கட்டுரை எழுதினார்.

அதன் பிறகு என்ன நடந்தது? ஊர் ஊராகப் போய்ப் பார்க்கப் பார்க்க, கணக்கு உதைத்தது. ஒரே வெள்ளம் என்றால் சரளை எல்லாம் ஒரே காலத்தது ஆக இருக்க வேண்டும். அப்படி இல்லை, வெவ்வேறு காலத்துச் சரளைகளை ஒரே பெயரில் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். பாவம் செய்த மனிதர்களை அழிக்க வந்த வெள்ளம் என்றால் அவர்களுடைய அடையாளம் அந்தச் சரளையில் இருக்க வேண்டும். தேடியவர்களுக்கு அதுவும் கிடைக்கவில்லை.

1831 பிப்ரவரியில் லண்டன் நிலவியல் சங்கத்தின் தலைவர் பதவியிலிருந்து செட்ஜ்விக் விடைபெறும் நாள். சாதாரணமாக நன்றி சொல்லி, நாலு பேரைப் புகழ்ந்துவிட்டு இறங்க வேண்டிய மேடை. அதில் நின்று, இந்தப் பிரளயக் கருத்தை நானே நம்பினேன், நானே பரப்பினேன், அது தவறு, இந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கும் முன் அதைப் பகிரங்கமாக வாபஸ் வாங்குவதே முறை என்கிற பொருள்படப் பேசினார். யாரும் கேட்டு வாங்கிய மன்னிப்பு இல்லை. சரளையை ஒழுங்காக ஆராயும் முன்பே வேத நூலோடு முடிச்சுப் போட்டுவிட்டோம் என்பதுதான் தன் தவறு என்றார். சார்லஸ் லயல் போன்றவர்களோடு அவருக்கு வேறு பல சண்டைகள் இருந்தன. இருந்தும் இந்த விஷயத்தில் எதிர்த்தரப்பு சரி என்று ஒப்புக்கொண்டார். அப்போது அவர் வயது நாற்பத்தைந்து. விசுவாசத்தை விடவில்லை, பாதிரியாராகவே இருந்தார்.

அதே 1831 ஆகஸ்டில் ஒரு மாணவரை வடக்கு வேல்ஸ் மலைகளுக்குக் கூட்டிப் போனார். அந்த மாணவர் சார்லஸ் டார்வின். கும் இட்வால் என்ற பள்ளத்தாக்கில் இருவரும் பாறை பாறையாகப் புதைபடிவம் தேடினார்கள். பனிப்பாறை உராய்ந்த கீறல்களும், அது கொண்டு வந்து விட்ட பாறாங்கற்களும் கண்ணெதிரே கிடந்தன. இரண்டு பேர் கண்ணிலும் படவில்லை. 1840இல் லூயி அகாசி என்ற சுவிஸ் அறிஞர் பிரிட்டனுக்கு வந்து விளக்கிய பிறகுதான், வெள்ளம் செய்ததாக நினைத்த வேலையில் பெரும்பகுதி பனிக்கட்டி செய்த வேலை என்று தெரிய வந்தது. பக்லண்டும் கட்சி மாறினார். டார்வின் பிற்காலத்தில் அந்த வேல்ஸ் நாளை நினைத்து, எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும் எதிர்பார்க்காத ஒன்று கண்ணில் படாமல் போகும் என்று எழுதி வைத்தார்.

வாபஸ் வாங்கியதற்கு விலை இருந்தது. 1844இல் யார்க் நகரில் பிரிட்டிஷ் அறிவியல் சங்கக் கூட்டம். அந்த ஊர்ப் பேராலயத்தின் தலைமைக் குரு வில்லியம் கோபர்ன் எழுந்து, நிலவியலாளர்கள் வேதத்துக்கு விரோதம் பண்ணுகிறார்கள் என்று ஒரு கட்டுரை வாசித்தார். பாறை அடுக்குகள் எல்லாம் குறுகிய காலத்தில் பிரளயத்தோடு உண்டானவை என்பது அவர் வாதம். பதில் சொல்ல எழுந்தவர் செட்ஜ்விக்; அவரும் பாதிரியார்தானே! என் பதவியைப் பார், என் பட்டத்தைப் பார் என்று முடித்துவிடாமல், பாறை அடுக்குகளையும் புதைபடிவங்களையும் சாட்சிக்கு இழுத்து நீளமாகப் பதில் சொன்னார். கோபர்ன் ஒப்புக்கொள்ளவில்லை, தன் கட்சியைச் சிறு புத்தகமாகவே வெளியிட்டார்.

செட்ஜ்விக்கைப் பற்றி எல்லாம் நல்லதாகவே சொல்லிவிட்டால் அது கட்டுரை ஆகாது, வாழ்த்து மடல் ஆகிவிடும். கேம்பிரியன் என்று நாம் மனப்பாடம் செய்த பெயரை 1835இல் வைத்தவர் அவர். சிலூரியன் என்று வைத்தவர் அவர் நண்பர் முர்ச்சிசன். எல்லைத் தகராறில் அந்த நட்பே முறிந்தது. இருவரும் இறந்த பிறகு, 1879இல், லாப்வொர்த் நடுவில் ஆர்டோவிசியன் என்று ஒன்றைப் போட்டுப் பஞ்சாயத்தைத் தீர்த்தார். 1859இல் டார்வின் தன் புத்தகத்தை அனுப்பியபோது, சில பகுதிகளை ரசித்ததாகவும் பல பகுதிகள் மனவேதனை தந்ததாகவும் கிழவர் பதில் எழுதினார். பரிணாமத்தைக் கடைசிவரை ஏற்கவில்லை. ஒரு தவறை ஒப்புக்கொண்டவர் எல்லாத் தவறுகளையும் ஒப்புக்கொள்வார் என்று சட்டமில்லை. ஆனால் உறவை முறிக்கவில்லை. 1870இல் டார்வின் கேம்பிரிட்ஜ் வந்தபோது, எண்பத்தைந்து வயது செட்ஜ்விக் மியூசியம் முழுக்க நடத்திக் காட்டினார். களைத்துப்போய் உட்கார்ந்தவர் என்னவோ அறுபத்தோரு வயது சிஷ்யர்தான்!

பிரளய நிலவியல் அதோடு ஓய்ந்துவிடவில்லை. அமெரிக்காவில் 1923இல் ஜார்ஜ் மெக்கிரெடி பிரைஸும், 1961இல் விட்காம்ப், மாரிஸ் இருவரும் புத்தகம் போட்டு அதை மறுபடி கிளப்பினார்கள். பள்ளியில் பாடமாக வைக்கும் சட்டங்கள்வரை போயிற்று. 1982இல் ஆர்கன்சாஸ் வழக்கிலும், 1987இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றத்திலும் அந்தச் சட்டங்கள் விழுந்தன.

சரி, தம்பி, இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். அரியலூர் வட்டாரத்தில் ஒருகாலத்தில் கடல் இருந்தது, அது மெய். ஆனால் ஒரே வெள்ளம் இல்லை. கீழே உத்தத்தூர்ப் படிவுகள், அதற்கு மேல் திருச்சிப் படிவுகள், அதற்கும் மேல் அரியலூர்ப் படிவுகள், உச்சியில் நின்னியூர்ப் படிவுகள். ஒவ்வொன்றிலும் புதைபடிவக் கூட்டம் மாறுகிறது. நின்னியூருக்கு வரும்போது அம்மோனைட்டே காணோம். ஒரே வெள்ளம் எல்லாவற்றையும் கலக்கி அடித்திருந்தால் இந்த வரிசை எப்படி வந்தது? இதை நான் சொன்னேன் என்று நம்ப வேண்டாம். சுத்தியலை எடுத்துக்கொண்டு மறுபடி ஒரு தடவை போங்கள், கீழிருந்து மேலாக நடந்து பாருங்கள். நான் சொன்னது தவறு என்றால் அடுத்த சந்திப்பில் எல்லோர் முன்னாலும் சொல்லுங்கள். ஒப்புக்கொள்ளும் தைரியம் எனக்கு இருக்க வேண்டும் என்று இப்போதே வேண்டிக்கொள்கிறேன்.

டென்ட் ஊரின் தெருவில் செட்ஜ்விக் நினைவாக ஒரு நீரூற்று வைத்திருக்கிறார்கள். பெரிய ஷாப் கருங்கல் ஒன்றில் அவர் பெயரை வெட்டியிருக்கிறார்கள். பல மைலுக்கு அப்பால் யார்க்ஷயர் கரைவரை சிதறிக் கிடந்து, வெள்ளம் உருட்டி வந்தது என்று அந்தக் காலத்தில் சொல்லப்பட்டதும் இதே ஷாப் கல்தான். கொண்டு போனது பனி. தவறிய கல்லே அவருக்கு நினைவுக்கல்லாக நிற்கிறது. அவர் பார்த்திருந்தால் கோபித்துக்கொண்டிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.