புயலுக்கு முன்னே கூம்பு ஏற்றியவர்

1859 அக்டோபரில் வேல்ஸ் கரையோரம் ‘ராயல் சார்ட்டர்’ கப்பல் புயலில் உடைந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த 400க்கும் மேற்பட்டோர் கரைக்கு அருகிலேயே மாண்டனர். அந்தத் துயரம் ராபர்ட் ஃபிட்ஸ்ராயைச் செயலில் இறக்கியது.

1805இல் பிறந்த அவர், டார்வின் பயணம் செய்த ‘பீகல்’ கப்பலின் தளபதி. 1854 முதல் பிரிட்டனின் வானிலைத் துறைக்குத் தலைமை ஏற்றார்.

மீன்பிடி ஊர்களில் காற்றழுத்தமானிகளை வைக்கச் செய்தார். கரையோர நிலையங்கள் காலைதோறும் காற்றின் திசை, பலம், அழுத்தம் ஆகியவற்றைத் தந்தி வழி லண்டனுக்கு அனுப்பின. ஆபத்து தெரிந்தால் எச்சரிக்கைத் தந்தி திரும்பும். துறைமுகக் கம்பத்தில் கூம்பு ஏறும். 1861இல் இது நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு நாளேட்டில் அவரது வானிலை முன்னறிவிப்பும் வெளியானது.

கணிப்பு தவறிய நாள்களில் கேலி செய்தனர். படகுகள் கடலுக்குப் போகாததால் வருமானம் போயிற்று எனப் படகு முதலாளிகள் குறைகூறினர். கடனும் மனச்சோர்வும் சேர, 1865 ஏப்ரல் 30ஆம் தேதி அவர் தம் உயிரை மாய்த்துக்கொண்டார்.

1866இல் நிறுத்தப்பட்ட புயல் எச்சரிக்கை, கடலோடு பிழைத்தவர்கள் கேட்டதால் மறு ஆண்டே திரும்பியது. 2002 முதல் ஒரு கடற்பகுதி ‘ஃபிட்ஸ்ராய்’ என்றே அழைக்கப்படுகிறது. புயல் செய்தி கேட்டுப் படகைக் கரையில் கட்டும் மீனவர் ஒவ்வொருவரும் அவருக்குக் கடன்பட்டவரே.