தோசைக்கல்லில் நடப்பது ரத்தத்திலும் நடக்கும்!

மெஸ் தோசையோட ஓரம் பொன்னிறமா முறுகி வருமே, அதுக்குக் காரணமான வேதிவினைக்கு ஒரு மனிதரோட பேர் இருக்கு தெரியுமா? லூயி கமீய் மயார். நம்ம புத்தகங்களில் மெயிலார்டு.

1878-ல் பிரான்ஸில் பிறந்தவர். நான்சியில் படித்து மருத்துவரானார். ஆனால் மனசு முழுக்க வேதியியல்தான். அமினோ அமிலங்கள் ஒன்றோடொன்று எப்படி இணைந்து புரதம் ஆகின்றன என்பதுதான் அவரோட தேடல். அதுக்காக அமினோ அமிலத்தைச் சர்க்கரையோடு சேர்த்துச் சூடாக்கிப் பார்த்தார். புரதம் வரலை. கலவை பழுப்பாகிடுச்சு!

வேற யாராவது இருந்தா கொட்டிட்டுப் போயிருப்பாங்க. மயார் அதையே ஆராய்ந்து 1912-ல் கட்டுரையா வெளியிட்டார். மனித உடலிலும் இதுக்கு முக்கியத்துவம் இருக்கும்னு அப்பவே யூகித்தார். பிறகு முதல் உலகப்போர் வந்தது, ராணுவத்தில் பணியாற்றினார். 1919-ல் அல்ஜியர்ஸுக்குப் பேராசிரியராகப் போனார். 1936-ல் பாரிஸில் இறந்தபோது அவருக்கு வயது 58. தன் யூகம் எவ்வளவு சரி என்பதைப் பார்க்க அவர் இல்லை.

1968-ல் ஈரானைச் சேர்ந்த சாமுவேல் ரஹ்பர், சர்க்கரை நோயாளிகளின் ரத்தத்தில் வித்தியாசமான ஒரு ஹீமோகுளோபின் அதிகமா இருக்கிறதைக் கவனித்தார். அது குளுக்கோஸ் ஒட்டிய ஹீமோகுளோபின் என்பது பிறகு தெரிந்தது. அதே மயார் வினைதான். அடுப்பு வேண்டாம், 37 டிகிரி உடல் சூடு போதும். என்ன, ரொம்ப மெதுவா நடக்கும்.

சிவப்பணு சுமார் 120 நாளில் போயிடும். ஆனா கண் லென்ஸில் இருக்கிற புரதம் ஆயுள் முழுக்க அப்படியே இருக்கும். ரத்தக்குழாய்ச் சுவரில் உள்ள கொலாஜனும் பல வருஷம் மாறாது. சர்க்கரை அதில் ஒட்டி, பக்கத்துப் புரதங்களையும் பிணைத்து இறுக்கிடும். குழாய் விறைக்கும். விழித்திரை, சிறுநீரகம், நரம்பு எல்லாம் கெட்டுப்போக இதுவும் ஒரு காரணம். ஆரம்பத்தில் வலியே இருக்காது. அதுதான் ஆபத்து.

எங்க அப்பாவுக்குப் பத்து வருஷமா சுகர். டெஸ்ட்டுக்கு இரண்டு நாள் முன்னாடி மட்டும் ஸ்வீட், காபி எல்லாம் கட். வெறும் வயிற்று ரிசல்ட் நல்லா வந்ததும் நேரா அல்வா கடைக்குப் போயிடுவார். போன மாசம் முதல்முறையா எச்பிஏ1சி பார்த்தோம். 9.2. இரண்டு நாள் பத்தியத்துக்கெல்லாம் அது ஏமாறாது. மூணு மாசமா எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்குன்னு காட்டிக்கொடுத்துடும். அப்பா அன்னிக்கு ஒண்ணும் பேசலை. மறுநாள் காலையில் அவரே வாக்கிங் கிளம்பிட்டார்.

1993-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, முதல் வகை நோயாளிகள் 1441 பேரைப் பல வருஷம் கவனித்தது. சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தவர்களுக்குக் கண், சிறுநீரகம், நரம்புப் பாதிப்புகள் வெகுவாகக் குறைந்தன. ஆக, மெதுவா நடக்கிற வினையை இன்னும் மெதுவாக்க நம்மால் முடியும்.

இந்த வாரம் ஊருக்குப் போறீங்களா? வீட்டில் யாருக்காவது சுகர் இருந்தா, அந்த ரிப்போர்ட்டைக் கொஞ்சம் வாங்கிப் பாருங்க. எச்பிஏ1சி அதில் இல்லைன்னா, அடுத்த தடவை டாக்டரிடம் நீங்களே கேளுங்க.