தரங்கம்பாடி வைத்தியரும் வெள்ளை இஞ்சிப்பூவும்

பூம்புகாரில் கடலைப் பார்த்துவிட்டுக் கரையோரமாகத் தெற்கே போனால் சிறிது தூரத்தில் தரங்கம்பாடி. அங்கே போகிறவர்கள் டேனிஷ்காரர்களின் கோட்டையைப் பார்ப்பார்கள். பாதிரியார் சீகன்பால்குவின் பெயரைக் கேட்டுக்கொண்டு திரும்புவார்கள். அதே ஊரில் வைத்தியராக இருந்த இன்னொருவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இத்தனைக்கும் நாம் தினந்தோறும் ரசத்தில் கிள்ளிப் போடும் கறிவேப்பிலை, தாவர சாஸ்திரத்தில் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

அவர்தான் யோஹான் கெர்ஹார்ட் கொயெனிக். பால்டிக் கடலோரத்து லிவோனியா நாட்டில் 1728-ல் பிறந்தவர். மருந்து தயாரிக்கும் தொழிலைப் பழகி, பின்பு ஸ்வீடனில் லின்னேயஸ் என்ற பேரறிஞரிடம் மாணவராகச் சேர்ந்தார். செடிகொடிகளுக்கெல்லாம் இரண்டே சொல்லில் பெயர் வைக்கும் முறையை உலகத்துக்குத் தந்தவர் லின்னேயஸ். 1764-ல் கொயெனிக் ஐஸ்லாந்துத் தீவுக்குச் செடி தேடிப் போனார். பனி விலகும் சில வாரங்களுக்குள் முளைத்து, பூத்து, காய்த்து, மடிந்துபோகும் ஒரு சின்னஞ்சிறு பூண்டு அங்கே உண்டு. குரு அதற்குச் சீடர் பெயரையே வைத்தார்.

பனியில் நடந்த அந்தக் கால்கள் 1768-ல் தரங்கம்பாடி மணலை மிதித்தன. டேனிஷ் மிஷனுக்கு வைத்தியராக வந்தவருக்குக் காவேரிக் கழிமுகம் ஒரு புதையலாகத் தெரிந்தது. வயல் வரப்பு, குளத்தங்கரை, கடலோர மணல் என்று அலைந்து செடிகளைச் சேகரித்தார். பாதிரிமார் சிலருக்கும் அந்தப் பைத்தியத்தை ஊட்டினார். பிற்காலத்தில் தமிழ் அகராதி தொகுத்த ராட்லர் பாதிரியார் தாவர சாஸ்திரம் கற்றது இவரிடம்தான். செடியைக் காகிதத்தில் அழுத்தி உலர்த்திப் பூசணம் பிடிக்காமல் காப்பது எத்தனை சிரமம் என்பதை ஐப்பசி மழை கண்டவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சிரமம் மழையோடு நிற்கவில்லை. மிஷன் கொடுத்த சம்பளம் புஸ்தகத்துக்கும் பிரயாணத்துக்கும் போதவில்லை. 1774-ல் ஆர்க்காட்டு நவாபிடம் உத்தியோகம் ஏற்றார். நவாப் முகமது அலியின் கஜானா கடனில் மூழ்கிக் கிடந்தது சரித்திரப் பிரசித்தம். கடைசியில் 1778-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை அதிகாரிகள் இவரைச் சேர்த்துக்கொண்டு, மருந்துக்கும் வியாபாரத்துக்கும் உதவும் செடிகளைத் தேடிவரச் சொல்லிச் சயாமுக்கும் மலாக்காவுக்கும் அனுப்பினார்கள்.

அந்தப் பிரயாணத்தில் அவர் மிகவும் மெனக்கெட்டு எழுதி வைத்தது இஞ்சிக் குடும்பத்துச் செடிகளைப் பற்றி. இவரது விவரணைகளை ஸ்வீடனில் ரெட்சியஸ் என்ற அறிஞர் 1783-ல் அச்சிட்டார். அவற்றில் ஒன்றுதான் வெள்ளை இஞ்சிப்பூ: ஆள் உயரத் தண்டு, இஞ்சியைப் போன்ற அகன்ற இலை, நுனியில் சிறகு விரித்த வெள்ளை வண்ணத்துப்பூச்சி போன்ற மலர்கள், அந்தி சாயும்போது கமகமவென்று வாசனை. இதற்கு அவர் வைத்த பெயர் 'ஹெடிகியம் கொரோனேரியம்'. முதற் சொல்லில் கிரேக்க மொழியின் இனிமையும் பனியும் சேர்ந்திருக்கின்றன. இரண்டாம் சொல், மாலைக்கு உரியது என்று பொருள்படும் லத்தீன். புழுங்கும் சீமையில் பூத்த ஒரு பூவைக் கண்டு ஐஸ்லாந்தில் நடந்தவருக்குப் பனி நினைவு வந்ததில் வியப்பென்ன? மாலை நினைவு மட்டும் நம் சோழநாட்டுக் கோயில் வாசல்களில் கிடைத்ததோ என்று நினைக்கத் தோன்றுகிறது.

அவர் காலத்து ஐரோப்பாவில் வாசனையுள்ள வெள்ளைப்பூவை வீட்டுக்குள் வளர்க்க ஆசைப்பட்டவர்கள் ஹயசிந்த் என்ற வெங்காயக் கிழங்கைக் கண்ணாடிக் குவளையில் தண்ணீர் தொடும்படி வைத்து, ஜன்னலோரத்தில் பூக்க வைப்பார்கள். அது இரண்டு மூன்று மாதம் கடுங்குளிர் பட்டால்தான் ஒழுங்காகப் பூக்கும். தஞ்சாவூர் வெயிலில் அதற்கு எங்கே போவது? வெள்ளை இஞ்சிப்பூவுக்கு அந்தப் பிடிவாதம் இல்லை. முளையுள்ள கிழங்குத் துண்டை, இஞ்சி நடுவது போல மண்ணுக்குள் மேலாகப் படுக்க வைத்து, மக்கிய எரு இட்டு, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் போதும். கிணற்றடியும் தென்னை நிழலும் ஏற்ற இடங்கள். உச்சி வெயில் இலையைக் கருக்கிவிடும். திண்ணையில் வளர்ப்பவர்கள் வாயகன்ற தொட்டியாகப் பார்க்க வேண்டும். கிழங்கு பக்கவாட்டில்தான் ஓடும். ஒரு தண்டு ஒரே முறைதான் பூக்கும். பூத்து முடிந்ததை அடியோடு அறுத்துவிட்டால் பக்கக் குருத்துகள் தழைக்கும். பூ மறுநாளே வாடிவிடும் என்பதால் பறித்த மாலையிலேயே தலையில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

வேண்டாத கிழங்கை மட்டும் வாய்க்காலில் எறிந்துவிடாதீர்கள். பிரேசிலிலும் ஹவாய்த் தீவுகளிலும் ஓடைக்கரைகளைப் பிடித்துக்கொண்டு இது களையாகிவிட்டது. ஆகாயத்தாமரையோடு நம் விவசாயிகள் படும் பாடு ஒன்றே போதும்!

நர்மதை பிறக்கும் அமர்கண்டகத்தில் இதே பூவைக் குல்பகாவலி என்கிறார்கள். அதன் சாற்றைக் கண் மருந்தாகவும் விற்கிறார்கள். 1955-ல் வந்த எம்.ஜி.ஆர். படத்தை ரசித்தவர்களுக்கு அந்தப் பெயர் புதிதல்ல. உலகின் மறுகோடியில் கியூபா நாட்டின் தேசிய மலரும் இதுவே.

இந்தக் கீர்த்தியில் எதையும் கொயெனிக் காணவில்லை. ஓயாத பிரயாணம் உடம்பைத் தின்றுவிட்டது. 1785 ஜூனில், காக்கிநாடாவை அடுத்த ஜகந்நாதபுரத்தில், சீதபேதியால் காலமானார். அப்போது வயது ஐம்பத்தாறு. பின்னாளில் இந்தியத் தாவர சாஸ்திரத்தின் தந்தை என்று பெயரெடுத்த டாக்டர் ராக்ஸ்பர்க்தான் கடைசி நாட்களில் அவருக்கு வைத்தியம் பார்த்தார். வாழ்நாளெல்லாம் எழுதிய காகிதக் கட்டுகளை லண்டனில் இருந்த சர் ஜோசப் பாங்க்ஸுக்கு விட்டுச் சென்றார். சயாம், மலாக்கா பிரயாணக் குறிப்புகள் ஆங்கிலத்தில் அச்சேறியது 1894-ல். அதற்குள் அவர் மறைந்து நூற்றொன்பது வருஷங்கள் ஓடியிருந்தன.