நகர் நடுவே நற்சோலை

நுழையும்முன்

நகரப் பூங்காவில் நடப்பதும் நிழலில் அமர்வதும் இன்று நமக்கு இயல்பான செயல்கள். இருநூறு ஆண்டுகளுக்கு முன்போ, அழகிய பெருந்தோட்டங்கள் பெரும்பாலும் அரசர்க்கும் செல்வர்க்குமே உரியனவாக இருந்தன. இங்கிலாந்தின் தோட்டக்கலையைக் கற்று, அதன் அழகை அமெரிக்க நகரங்களில் பொதுமக்களின் உடைமையாக்கியவர் பிரெடரிக் லா ஓம்ஸ்டெட். அவருடைய வாழ்வை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

இளமைக் காலம்

ஓம்ஸ்டெட் 1822ஆம் ஆண்டு ஏப்ரல் 26ஆம் நாள், அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்போர்டு நகரில் பிறந்தார். வணிகரான தந்தை இயற்கைக் காட்சிகளில் பெருவிருப்பம் கொண்டவர்; குடும்பத்தாருடன் மலைகளையும் ஆற்றங்கரைகளையும் காணச் செல்வது அவர் வழக்கம். பதினான்காம் வயதில் நச்சுச் செடியொன்றின் தாக்கத்தால் ஓம்ஸ்டெட்டின் பார்வை குன்றியது; கல்லூரிக் கல்வி தடைப்பட்டது. அதன்பின் கடைப்பணியாளராகவும், சீனத்துக்குச் சென்ற கப்பலில் மாலுமியாகவும் பணியாற்றினார். பின்னர் நியூயார்க்கை அடுத்த ஸ்டேட்டன் தீவில் உழவுத்தொழிலை மேற்கொண்டார். நிலத்தின் சரிவு, நீர் வடியும் போக்கு, மண்ணின் தன்மை ஆகியவற்றை அவர் அங்கே பட்டறிவால் கற்றார்.

இங்கிலாந்துப் பயணம்

1850ஆம் ஆண்டில் தம்பியுடனும் நண்பருடனும் இங்கிலாந்து சென்ற அவர், அந்நாட்டைப் பெரிதும் கால்நடையாகவே சுற்றிப் பார்த்தார். ஆங்கிலேயத் தோட்டக்கலை பதினெட்டாம் நூற்றாண்டில் புதுவழி கண்டிருந்தது. நேர்கோட்டுப் பாதைகளையும் கத்தரித்த செடி வரிசைகளையும் விடுத்து, அலையெனத் தாழ்ந்துயரும் புல்வெளி, வளைந்து செல்லும் பாதை, திரள்திரளாக நிற்கும் மரங்கள், இயற்கையென மயங்கச் செய்யும் செயற்கை ஏரி ஆகியவற்றை அது போற்றியது. எனினும், அத்தகைய தோட்டங்கள் பெரும்பாலும் பிரபுக்களின் மாளிகைகளைச் சூழ்ந்தே அமைந்திருந்தன.

லிவர்பூலுக்கு எதிர்க்கரையிலுள்ள பர்கன்ஹெட் நகரில் ஒரு ரொட்டிக் கடைக்காரர், புதிய பூங்காவைக் காணாமல் ஊரைவிட்டுச் செல்ல வேண்டா என்று அவர்களை வற்புறுத்தினார். ஜோசப் பாக்ஸ்டன் வடிவமைத்து 1847இல் திறக்கப்பட்ட அப்பூங்கா, சதுப்பு நிலத்தைத் திருத்திப் பொதுப்பணத்தில் உருவாக்கப்பட்டதாகும். அங்கு ஏழையும் செல்வரும் ஒரே பாதையில் உலவியதைக் கண்டு ஓம்ஸ்டெட் வியந்தார். மக்களாட்சி நாடான அமெரிக்காவில் இதற்கு நிகரான ஒன்று இல்லையே என்னும் எண்ணம் அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தது.

நாடு திரும்பியபின், செய்தித்தாளுக்காகத் தென்மாநிலங்களில் பயணம் செய்து, அடிமைமுறையின் கேடுகளை விரிவாக எழுதினார். மனிதரை மனிதர் தாழ்த்தும் அமைப்பு நாட்டையே வறுமைப்படுத்தும் என்பது அவர் கண்ட முடிவு.

சென்ட்ரல் பார்க்

அக்காலத்தில் நியூயார்க் நகரின் மக்கள்தொகை விரைந்து பெருகியது. நெருக்கமான குடியிருப்புகளில் வாழ்ந்த உழைப்பாளர்க்குத் திறந்தவெளி அரிதாயிற்று. செல்வர் கோடையில் நாட்டுப்புறம் செல்வர்; ஏழைக்கு அவ்வாய்ப்பு இல்லை. 1857இல் சென்ட்ரல் பார்க் பணியின் கண்காணிப்பாளராக ஓம்ஸ்டெட் அமர்த்தப்பட்டார். இலண்டனில் பிறந்த கட்டடக் கலைஞர் கால்வர்ட் வாக்ஸுடன் இணைந்து அவர் வரைந்த திட்டம், 1858ஆம் ஆண்டு வடிவமைப்புப் போட்டியில் வந்த 33 திட்டங்களுள் முதலிடம் பெற்றது.

பாறையும் சேறும் நிறைந்த நிலம் அது. ஆயிரக்கணக்கான தொழிலாளர் பாறைகளைத் தகர்த்தனர், வடிகுழாய்களைப் பதித்தனர், சதுப்பை ஏரியாக்கினர், மண் கொணர்ந்து நிரப்பி மரங்களை நட்டனர். பூங்காவைக் குறுக்கே கடக்கும் நான்கு சாலைகளைத் தரைமட்டத்திற்குக் கீழே அமைத்தமை அத்திட்டத்தின் தனிச்சிறப்பு. நகரின் வண்டிகள் ஓடிக்கொண்டேயிருக்கும். பூங்காவில் உலவுவோரின் அமைதி குலையாது. நடப்போர்க்கும் குதிரையேறுவோர்க்கும் வண்டிகளுக்கும் தனித்தனிப் பாதைகள் வகுக்கப்பட்டன. எல்ம் மரங்கள் நிரையாக நிற்கும் நடைவழி, அதன் முடிவில் சிற்ப வேலைப்பாடமைந்த மேடை என அலங்காரம் சில இடங்களில் மட்டும் செறிந்தது. மற்றவிடங்களில் புல்லும் நீரும் மரமுமே அழகு செய்தன. 1858இன் குளிர்காலத்தில் உறைந்த ஏரியின்மீது மக்கள் சறுக்கி விளையாடத் தொடங்கினர்.

அழகின் விலை

இச்சோலைக்கு ஒரு துயர வரலாறும் உண்டு. ஓம்ஸ்டெட் பொறுப்பேற்கும் முன்பே, பூங்காவுக்காக நகராட்சி நிலங்களைக் கையகப்படுத்தியது. அதனால் ஏறத்தாழ 1,600 பேர் வெளியேற்றப்பட்டனர். கறுப்பின மக்கள் சொந்தமாக நிலம் வாங்கி, வீடும் ஆலயமும் பள்ளியும் அமைத்து வாழ்ந்த செனகா கிராமம் முற்றிலும் மறைந்தது. அன்றைய நியூயார்க்கில் கறுப்பின ஆடவர் வாக்களிக்க 250 டாலர் மதிப்புள்ள சொத்து வேண்டும். ஆதலால் நிலத்தை இழந்தோர்க்கு வாக்குரிமையும் பறிபோகும் நிலை இருந்தது. அனைவர்க்கும் என எழுந்த பூங்கா, சிலருடைய இழப்பின்மீது எழுந்தது என்பதையும் வரலாறு நினைவில் கொள்ள வேண்டும்.

பிற்காலப் பணிகள்

1860இல் நேர்ந்த வண்டி விபத்தில் கால் முறிந்ததால் ஓம்ஸ்டெட் வாழ்நாள் முழுவதும் சாய்ந்தே நடந்தார். உள்நாட்டுப் போரின்போது படைவீரர்களின் உடல்நலம் காக்கும் அமைப்பின் செயலாளராகப் பணியாற்றினார். பின்னர் வாக்ஸுடன் புரூக்ளினில் பிராஸ்பெக்ட் பார்க்கை வடிவமைத்தார். பாஸ்டனில் கழிவுநீரால் நாறிய சதுப்பைச் சீர்திருத்தி, பூங்காக்களைத் தொடராக இணைத்தார். 1893ஆம் ஆண்டு சிகாகோ உலகக் கண்காட்சியின் நில அமைப்பையும் வகுத்தார். அரசியலாரின் குறுக்கீட்டால் 1878இல் நியூயார்க் பூங்காத்துறைப் பணியை இழந்தபோதும் தம் கொள்கையில் தளரவில்லை.

முதுமையில் நினைவாற்றல் குன்றியதால் மாசசூசெட்ஸிலுள்ள மெக்லீன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அம்மருத்துவமனையின் நில அமைப்புக் குறித்து முன்னர் ஆலோசனை கூறியவரும் அவரே. 1903ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் அவர் அங்கேயே மறைந்தார்.

நட்ட மரம் நிழல் தரப் பல ஆண்டுகள் ஆகும். தாம் காண இயலாத நிழலைப் பிறர்க்காகத் திட்டமிட்டவர் ஓம்ஸ்டெட். ஏறத்தாழ 843 ஏக்கர் பரப்பில் விரிந்துள்ள சென்ட்ரல் பார்க்கில், நாள்தோறும் எண்ணற்றோர் கட்டணமின்றி இளைப்பாறி வருகின்றனர்.