கோல்டிட்ஸ் கோட்டையிலிருந்து தப்பிய கைதி: யார் இந்த எய்ரி நீவ்?

1940-ல் பிரான்ஸின் காலே நகரில், காயத்தோடு ஜெர்மனியிடம் பிடிபட்டவர் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி எய்ரி நீவ். ஒரு முகாமிலிருந்து தப்பி மீண்டும் மாட்டியதால், கெடுபிடி மிகுந்த கோல்டிட்ஸ் கோட்டைக்கு அனுப்பினார்கள்.

அங்கே 1941 ஆகஸ்டில், பெயின்ட் அடித்த போலி ஜெர்மன் சீருடையில் கிளம்பினார். விளக்கு வெளிச்சத்தில் பச்சை நிறம் பளிச்சென மின்னிக் காட்டிக்கொடுத்துவிட்டது.

அதோடு விட்டாரா? 1942 ஜனவரி 5 இரவு, கைதிகளின் நாடக மேடைக்குக் கீழே இறங்கினார். ஜெர்மன் மொழி நன்றாகத் தெரிந்த டச்சு அதிகாரி டோனி லூட்டெய்னும் கூடவே. இருவரும் ஜெர்மன் அதிகாரிகளைப் போலக் காவலர்களைக் கடந்து, சுவிட்சர்லாந்து சேர்ந்தார்கள். கோல்டிட்ஸிலிருந்து தப்பி ஊர் திரும்பிய முதல் பிரிட்டிஷ் அதிகாரி நீவ்தான்.

1945-ல் காட்சி மாறியது. நியூரம்பெர்க் சிறையில் கோரிங் உள்ளிட்ட நாஜி தலைவர்களிடம் குற்றப்பத்திரிகையை நேரில் கொடுத்தவரும் இவரே. பின்னாளில் எம்.பி.யான நீவ், 1979 மார்ச் 30 அன்று லண்டன் நாடாளுமன்ற வளாகத்தில் கார் குண்டுக்குப் பலியானார்.